ஃபிளமெங்கோ கிதார் எதனால் வேறுபடுகிறது, கைவேலைக்கு ஏன் அந்த விலை?

நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிதார் ஒன்று கையில் இருக்கும்போது, பார்வைக்கு ஏறக்குறைய அதே போலிருக்கும் ஃபிளமெங்கோ கிதாரைத் தனியாக வாங்க வேண்டுமா, ஸ்பெயினில் ஒரே கைவினைஞர் செய்து முடித்த கிதாருக்குத் தொழிற்சாலைக் கிதாரைவிடப் பல மடங்கு விலை சொல்வது நியாயமா, அந்த விலை சைப்ரஸ் மரத்துக்கா வேலைக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்துக்கு அந்த விலையில் சிறு பங்குதான் உண்டு. முகப்புப் பலகையை எந்த இடத்தில் எவ்வளவு இழைப்பது, கழுத்தை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்ற இரண்டு தீர்மானங்களுக்கே நீங்கள் பெரும்பாலும் பணம் கொடுக்கிறீர்கள். அது ஏன் என்று விளங்க, இந்தக் கருவி எந்த வேலைக்காக இப்படி அமைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தெற்கு ஸ்பெயினில் உள்ள அந்தலூசியாவின் நகரங்களில் ஃபிளமெங்கோ என்னும் பாட்டும் ஆட்டமும் நடக்கும் காபிக்கடைகள் பெருகின. பாடகர் சில்வேரியோ பிராங்கோனெத்தி 1881இல் செவில்லாவில் தொடங்கிய கடை அவற்றுள் பெயர் பெற்றது. அங்கே கிதார்க்காரருக்குத் தனிக் கச்சேரி கிடையாது. பாடகரின் கரகரத்த குரலுக்கும், மரத்தளத்தில் இடிக்கும் ஆட்டக்காரியின் குதிகாலுக்கும், சுற்றியிருப்பவர்களின் கைதட்டலுக்கும் நடுவே, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தாளத்தைப் பிடித்து நிறுத்துவதே அவர் பணியாக இருந்தது. சோலெயா, புலெரியா போன்ற ஃபிளமெங்கோ வடிவங்களில் தாளம் பன்னிரண்டு எண்ணிக்கையில் சுழல்கிறது; வழக்கமான அழுத்தங்கள் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் விழுகின்றன. அந்த அழுத்தம் துல்லியமாகக் கேட்க வேண்டுமென்றால், ஒலி சட்டென்று வெடித்துக் கிளம்பி, அடுத்த அடி வருவதற்குள் அடங்கிவிட வேண்டும். மீட்டிய சுரம் நீண்டு நின்று மெல்லத் தேயும் குணத்தைக் கிளாசிக்கல் கிதார் செய்பவர் பாடுபட்டுத் தேடுகிறார். இங்கே அதே குணம் தாளத்தைக் குழப்பும் இடைஞ்சலாகிவிடுகிறது. ஃபிளமெங்கோ கிதார் செய்பவர் நீட்டத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெறுகிறார். ஏனைய வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவையே.

ஆனால் இந்தப் பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. இன்றைய கிதாரின் உடலளவு, 65 செ.மீ. தந்தி நீளம், முகப்பின் உட்புறத்தில் விசிறி போல் பரப்பி ஒட்டும் பட்டைகள் ஆகியவற்றை நிலைநிறுத்தியவர் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ டோரெஸ் (1817–1892). அவர் காலத்தில் கிளாசிக்கல், ஃபிளமெங்கோ என்று இரண்டு வகை கிடையாது. பணமுள்ளவருக்கு விலையுயர்ந்த ரோஸ்வுட்டிலும், இல்லாதவருக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் தாராளமாகக் கிடைத்த சைப்ரஸிலும் அவர் கிதார் செய்தார். ஃபிளமெங்கோ வாசித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். பிறகு மத்ரித் நகரில் மனுவேல் ராமிரெஸின் (1864–1916) பட்டறையிலும், அங்கே வேலை பழகிப் பின் தனிக்கடை வைத்த சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தெசோ ஆகியோரின் கைகளிலும்தான், மலிவு மரக் கிதார் என்பது தனக்கென அளவுகளும் ஒலியும் கொண்ட தனிக் கருவியாக உருவெடுத்தது. ஏழ்மையில் தொடங்கிய தேர்வு காதுக்குப் பழகி, பின்னர் அதுவே இலக்கணமாயிற்று.

ஆகவே சைப்ரஸ் மரத்தைப் பற்றி விற்பனையாளர்கள் பேசும் மந்திரப் பேச்சைச் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்பது நல்லது. அது ரோஸ்வுட்டைவிட மிகவும் இலேசானது, இளமஞ்சள் நிறமுடையது, அறுக்கும்போதும் சூடாக்கி வளைக்கும்போதும் பட்டறை முழுவதும் மணக்கக்கூடியது. ஒலியை விரைவில் அடக்கும் இயல்பும் அதற்கு ஓரளவு உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் கல்லறைத் தோட்டங்கள்தோறும் நிற்கும் மரம்தான் என்றாலும், அடியிலிருந்தே கிளை விடுவதால் கணு இல்லாத அகன்ற பலகை எளிதில் கிடைப்பதில்லை. இன்று நல்ல சைப்ரஸ் மலிவுமில்லை. எனினும் முதுகுப் பலகையும் பக்கப் பலகைகளும் ஒலியில் வகிக்கும் பங்கு, முகப்பின் பங்கோடு ஒப்பிடச் சிறியது. இதை மெய்ப்பிக்கவே டோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, முகப்பை மட்டும் ஸ்ப்ரூஸ் மரத்தில் அமைத்து ஒரு கிதார் செய்தார். அது இன்று பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தின் பெயரைச் சொல்லி விலையை நியாயப்படுத்துபவர்களுக்கு அந்த அட்டைக் கிதாரைவிடச் சிறந்த பதில் என்னிடம் இல்லை.

இனி அளவுகளுக்கு வருவோம். கிளாசிக்கல் கிதாரில் குதிரையை (தந்திகளைத் தாங்கி முகப்பின் மேல் ஒட்டியிருக்கும் கட்டையை) ஒட்டி முகப்புப் பலகைக்கும் தந்திக்கும் இடையே 10 முதல் 12 மி.மீ. வரை உயரம் இருக்கும். ஃபிளமெங்கோ கிதாரில் அது 7 அல்லது 8 மி.மீ.தான். பன்னிரண்டாம் மெட்டின் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) மேல் தடித்த தந்தியின் உயரம் கிளாசிக்கலில் 4 மி.மீ. அளவில் வைக்கப்படும், ஃபிளமெங்கோவில் 2.5 முதல் 3 மி.மீ. வரை. இந்தத் தாழ்வுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வாசிக்கும் முறை: தந்தியை மீட்டிக்கொண்டே மோதிர விரலால் முகப்பில் தட்டும் கோல்பே, கட்டைவிரலை அழுத்தி மேலும் கீழும் ஓட்டும் அல்சாபூவா ஆகிய இரண்டுக்கும் பலகை விரலின் கீழேயே இருக்க வேண்டும். இரண்டாவது, விசை: ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கின்றன, குதிரையின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு அந்த இழுப்பு முகப்பை முறுக்கிப் புரட்டப் பார்க்கிறது. உயரம் குறைந்தால் முறுக்கு குறைகிறது. முறுக்கு குறைந்தால் முகப்பை இன்னும் மெலிதாக, இன்னும் இலேசாகச் செய்ய இடம் கிடைக்கிறது.

கேட்க எளிதாகத் தோன்றும் இந்த இரண்டு உயரங்களையும் ஒரே கருவியில் ஒருசேரக் கொண்டுவருவதே தொழிலின் கடினமான பகுதி. கழுத்து உடலோடு சேரும் இடம் பன்னிரண்டாம் மெட்டு. அது தந்தியின் சரிபாதி. அதனால், கழுத்தின் தலைப்பக்கம் 1 மி.மீ. உயர்ந்தால், விரற்பலகையின் தளத்தை நேர்கோடாக நீட்டிப் பார்க்கும்போது குதிரைப் பக்கத்தில் அது அதே 1 மி.மீ. தாழ்ந்துவிடும். குதிரையில் செருகும் எலும்புத் துண்டைச் சீவிச் சரிசெய்யக் கிடைக்கும் இடம் மொத்தத்தில் இரண்டொரு மில்லிமீட்டர்தான். மரபான கிதாரின் கழுத்துக்குள் திருகி நிமிர்த்துவதற்கு எஃகுக் கம்பி எதுவும் கிடையாது. மேலும், தந்தி பூட்டியபின் முகப்பு குதிரையருகே எவ்வளவு எழும்பும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆக, கிதார் கிதாராக உருப்பெறுவதற்கு வாரக்கணக்கில் முன்னரே, இன்னும் தந்தியைக் காணாத மரத்தின் மேல், அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும். சற்றே தப்பினால், விரற்பலகையை ஒருபக்கம் ஒடுக்கி இழைத்து ஓரளவு ஈடுகட்டலாம். அதற்கு மேல் தப்பினால் அது தாழ்ந்த தந்திகொண்ட நல்ல ஃபிளமெங்கோ கிதாராக ஆகவே ஆகாது.

முகப்புப் பலகையின் கதை இதைவிட நுணுக்கமானது. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரத்தை, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி ஆரவாக்கில் பிளந்து, ஆண்டுக்கணக்கில் காற்றில் உலரவிட்டு, ஒரே துண்டை இரண்டாக வகுத்து, இரு பாதிகளின் ரேகையும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்து அமையும்படி ஒட்டுகிறார்கள். பிறகு இழைப்புளியும் சுரண்டு தகடும் கொண்டு மெலிதாக்குவது தொடங்குகிறது. ஃபிளமெங்கோ முகப்பு பொதுவாக 2 மி.மீ. அளவிலும், ஓரங்களில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது: 2.5 மி.மீ. பலகையை 2 மி.மீ. ஆக்கினால் எடை ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, விறைப்போ ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதோடு, ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்புடையனவாக இருப்பதில்லை. எனவே அனுபவமுள்ளவர் சில முறை இழைத்ததும் நிறுத்தி, பலகையின் இரு ஓரங்களையும் பிடித்து ரேகையின் வாக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பார்க்கிறார்; இரண்டு விரல்களால் ஒரு முனையைத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டி, எழும் ஒலியின் சுரத்தையும் அது அடங்கும் வேகத்தையும் கேட்கிறார்; மீண்டும் இழைக்கிறார். எங்கே நிறுத்துவது என்பதை அளவுகோல் சொல்லாது. தொழிற்சாலையில் இதற்கு நேரமில்லாததால், எந்தப் பலகை வந்தாலும் பிளக்காமல் தாங்கும் அளவுக்குத் தடிமனான ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கிதார்கள் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பெரும்பாலும் மந்தமாகவே பேசும். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் உண்டாகிறது.

இழைத்த முகப்பின் உட்புறத்தில் ஐந்து அல்லது ஏழு மெல்லிய ஸ்ப்ரூஸ் பட்டைகளை விசிறியாகப் பரப்பி ஒட்டி, அவற்றையும் உளியால் சீவி உயரம் குறைக்கிறார்கள். பிறகு ஸ்பானிய முறைக்கே உரிய கோப்பு வேலை நடக்கிறது. சொலேரா எனப்படும் அடிப்பலகையில் முகப்பின் மேடு உட்காரும்படி இலேசாகக் குடைந்திருப்பார்கள். அதில் முகப்பைக் குப்புறப் படுக்க வைத்து, முன்பே செதுக்கிய கழுத்தை அதோடு சேர்க்கிறார்கள். கழுத்தின் அடிக்கட்டையில் இருபுறமும் ரம்பத்தால் அறுத்த மெல்லிய காடிகள் இருக்கும். தண்ணீரில் நனைத்துச் சூடான இரும்புக் குழாயின் மேல் கையால் வளைத்த பக்கப் பலகைகளை அந்தக் காடிகளில் நேராகச் செருகிவிடுவதால், கழுத்தும் உடலும் பின்னர் பிரித்துச் சேர்க்க முடியாத ஒரே உறுப்பாகின்றன. கழுத்தின் கோணத்தை இந்தக் கட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருப்பதும் இதனால்தான். பக்கப் பலகையும் முகப்பும் சேரும் மூலை நெடுக, பியோன் எனப்படும் விரல் நுனியளவு முக்கோண மரக்கட்டைகளை, சூடான வச்சிரப் பசை தொட்டு, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டிக்கொண்டே போவார்கள். பசை இறுகும்வரை சில நொடிகள் பிடித்திருப்பது, அடுத்ததை எடுப்பது என்று பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. கடைசியாக முதுகுப் பலகையை மூடுகிறார்கள்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுத்து, எடை குறைந்த தென்னமெரிக்கச் செட்ரேலா மரம். விரற்பலகை கருங்காலி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் வகை ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்தது, இன்று பெரும்பாலும் ஆப்பிரிக்க மரம்தான் வருகிறது. பழைய பாணிக் கிதார்களில் தந்தியை முறுக்கும் உலோகச் சாவிகளுக்குப் பதிலாக மரப் பிரடைகள் இருக்கும். தலைப்பக்கம் இலேசாகி, முழுக் கிதாரும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடையில் நின்றுவிடும். விரல் தட்டும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டப்படுகிறது. தடித்த தகட்டை ஒட்டினால் அதுவே முகப்பின் அதிர்வைத் தின்றுவிடும். மேற்பூச்சு, சாராயத்தில் கரைத்த அவலரக்கைத் துணிப்பந்தால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றும் பிரெஞ்ச் பாலிஷ். அந்த அரக்கை உலகுக்கு மிகுதியாகத் தரும் நாடுகளில் முதன்மையானது இந்தியா. காகிதத்தைவிட மெல்லிய பூச்சாக இருப்பதால் ஒலிக்கு நல்லது, வியர்வைக்கும் வெப்பத்துக்கும் தாங்காது என்பது அதன் குறை.

வெளிர் சைப்ரஸில் செய்தது பிளாங்கா, கறுத்த ரோஸ்வுட்டில் செய்தது நெக்ரா. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரமோன் மொந்தோயா போன்றவர்கள் ஃபிளமெங்கோ கிதாரைத் தனிக் கச்சேரிக் கருவியாக மேடையேற்றத் தொடங்கியதும், பெரிய அரங்குகளுக்குச் சற்றுக் கனமும் நீட்டமும் உள்ள ஒலி தேவைப்பட்டது. கிதார்க் கலைஞர் பாகோ தெ லூசியா, எஸ்தெசோவின் மருமக்களான கோந்தே சகோதரர்கள் செய்த ரோஸ்வுட் கிதாரை வாசித்து உலகம் சுற்றியபின், நெக்ரா அந்தத் தலைமுறையின் ஆசைக் கருவியாயிற்று. கோர்தோபாவில் மனுவேல் ரெயேஸ் (1934–2014) செய்த கிதார்கள் வேறொரு அழகு. அவற்றைக் கிதார்க் கலைஞர் விசென்தே அமிகோ வாசிப்பதைக் கேட்டால் தெரியும். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாக வாசிக்க விரும்பினால் பிளாங்காவையே எடுங்கள் என்பது என் கருத்து. தனி வாசிப்பும், இடையிடையே கிளாசிக்கலும் வேண்டுமென்றால் நெக்ரா ஒத்துவரும். ஆனால் இரண்டிலும் மேலே சொன்ன தாழ்ந்த அமைப்பு சரியாக இருந்தால்தான் அது ஃபிளமெங்கோ கிதார். சைப்ரஸ் முதுகு வைத்த சாதாரணக் கிதார்கள் சந்தையில் நிறையவே இருக்கின்றன.

"கைவேலை" என்ற சொல்லைச் சீட்டில் பார்த்ததும் நம்பிவிட வேண்டாம். புகழ்பெற்ற பட்டறைகளின் பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டு வேறெங்கோ தொகுதியாகச் செய்யப்படும் மாணவர் தரக் கிதார்களும் உண்டு; அவை அவற்றின் விலைக்குக் குறையில்லாதவையாக இருக்கலாம், ஆனால் ஒருவர் தனியாக ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து என்று செய்யும் கிதாரின் விலைக்கு அவற்றை வாங்கக் கூடாது. ஒலித்துளை வழியே சிறு விளக்கும் கண்ணாடியும் விட்டுப் பாருங்கள். முகப்போரத்தில் தனித்தனியாக ஒட்டிய பியோன்களும், பட்டைகளில் உளி சென்ற தடமும் தெரிந்தால் நல்ல அறிகுறி. பிறகு வாசித்துப் பாருங்கள். விரல்களை வரிசையாக விசிறி அடிக்கும் ரஸ்கேயாதோவை ஓங்கி அடித்து நிறுத்தினால் ஒலி கூட்டமாகக் குழம்பாமல் தெளிந்து அடங்க வேண்டும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி, எந்தச் சுரமாவது மற்றவற்றைவிடச் சட்டென்று செத்துப்போகிறதா என்று கவனியுங்கள். பலமாக அடிக்கும்போது தந்தி மெட்டில் பட்டுச் சற்றுக் கரகரப்பதை ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் குறையாகக் கொள்வதில்லை, விரும்பவும் செய்கிறார்கள். மெல்ல மீட்டும்போதே கரகரத்தால் அது பழுது.

உங்களிடம் இருக்கும் கிளாசிக்கல் கிதாரில் பழகத் தொடங்குவதில் தவறில்லை. குதிரையின் எலும்புத் துண்டைக் கொஞ்சம் தாழ்த்தி, உரித்தெடுக்கக்கூடிய மெல்லிய தட்டுத்தகட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் கோல்பே பழகினால் சில மாதங்களிலேயே நகம் ஸ்ப்ரூஸைக் குழித்துவிடும். பலகையிலிருந்து தந்தியின் உயரம் ஃபிளமெங்கோ அளவுக்குக் குறையாது என்பதால் கட்டைவிரல் நுட்பங்கள் முழுமையாகக் கைவராது. கை அந்த எல்லையை உணரும்போது புதிய கிதாரைப் பற்றி யோசித்தால் போதும்.

வாங்குவதாக முடிவெடுத்தால், நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் கிதார் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் பெரும்பாலும் 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் ஒட்டுகிறார்கள்; சென்னையின் காற்றில் அது பல மாதங்கள் 70ஐத் தாண்டி நிற்கும். ஈரத்தை உறிஞ்சிய முகப்பு உப்பி எழும்ப, தந்தியும் கூடவே உயரும். அதே கிதாரை நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் வைத்தால் முகப்பு சுருங்கி, தந்தி தாழ்ந்து, கரகரப்பு கூடும். உயரம் வேறுபட்ட இரண்டு எலும்புத் துண்டுகளைச் செய்து அனுப்பும்படி கேட்டால் அநேகமாக மறுக்கமாட்டார்கள். பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்றும் ஈரத்தைச் சமப்படுத்தும் பையும் போட்டு வையுங்கள். நெக்ராவாக இருந்தால் மரத்தின் இனத்தை எழுத்தில் வாங்குங்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடை இருப்பதால் பழைய கிதாருக்கும் அனுமதிச் சான்று வேண்டும். நீலகிரியிலும் வயநாட்டிலும் ஈட்டி என்று நாம் சொல்லும் இந்திய ரோஸ்வுட்டே இன்று பெரும்பாலான நெக்ராக்களில் இருக்கிறது. 2017 தொடக்கத்தில் அதன் மீதும் வந்த கட்டுப்பாடு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் நீக்கப்பட்டுவிட்டது.